எரிந்த பின் எஞ்சும் சாட்சியம்: சட்டம் தயார், ஆய்வகங்கள் தயாரா?

புது தில்லி: கலவரத்தில் ஒரு பேருந்தோ கட்டடமோ தீக்கிரையாக்கப்பட்டால், "எரித்தது யார்?" என்ற கேள்வி அன்று மாலையே அரசியல் மேடைகளில் எழுந்துவிடுகிறது. "எரித்தது எதைக் கொண்டு?" என்ற கேள்வியோ பல மாதங்கள் கழித்து, நீதிமன்றத்தில் தடய அறிவியல் ஆய்வக அறிக்கை தாக்கல் செய்யப்படும்போதுதான் எழுகிறது. ஆனால், இரண்டாவது கேள்விக்கான விடையே முதலில் மறையத் தொடங்குகிறது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆவியாகும் பொருள்கள். அவை வழக்கின் வேகத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த இடைவெளியை அடைக்கும் என்ற வாக்குறுதியுடன்தான் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதா 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும், அந்தப் பணி விடியோவில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அதன் 176-ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. தீவைப்புக் குற்றங்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன. பாரதிய நியாய சம்ஹிதாவின் 326-ஆவது பிரிவின்படி, சொத்துகளுக்குத் தீவைத்தால் ஏழு ஆண்டுகள் வரையிலும், வழிபாட்டுத் தலம், குடியிருப்பு, சரக்கு வைக்கும் கட்டடம் ஆகியவற்றுக்குத் தீவைத்தால் ஆயுள் காலம் வரையிலும் தண்டனை விதிக்கலாம்.

இந்த மசோதாக்கள் 2023 டிசம்பர் 20-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். தடய அறிவியலைக் கட்டாயமாக்குவதன் மூலம் தண்டனை விகிதத்தை 90 சதவீதமாக உயர்த்துவதே இலக்கு என்று மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா பலமுறை கூறியுள்ளார். அந்த இலக்கைத் தீவைப்பு வழக்குகளில் எட்ட என்ன தேவை என்ற விவாதத்துக்கு அவையில் இடமிருக்கவில்லை.

பெங்களூரு காட்டிய பாடம்: காவிரி நீர் தொடர்பாக உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி பெங்களூருவில் வெடித்த வன்முறையைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழகப் பதிவெண் கொண்ட வாகனங்கள் தேடித் தேடித் தாக்கப்பட்டன. நாயண்டஹள்ளி பகுதியில் கே.பி.என். நிறுவனத்தின் பணிமனையில் நிறுத்தப்பட்டிருந்த 40-க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே மாலையில் எரிந்து எலும்புக்கூடாயின. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதையடுத்து 1991 டிசம்பரில் நடந்த வன்முறையின் நினைவு அந்நகரத் தமிழர்களிடம் அன்று மீண்டும் எழுந்தது. 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு டி.ஜே.ஹள்ளி, கே.ஜி.ஹள்ளி காவல் நிலையங்களைச் சுற்றிலும் சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவரின் வீட்டிலும் தீவைக்கப்பட்டது. காரணங்கள் வேறு, எஞ்சியவை ஒன்றுதான்: கருகிய உலோகமும் சாம்பலும்.

பேருந்துப் பணிமனை போன்ற ஓர் இடம் தடய அறிவியலுக்குக் கடும் சோதனை. பேருந்துகள் டீசலில் ஓடுகின்றன. தீயின் வெப்பத்தில் டீசல் தொட்டி பிளந்தால் தரையெங்கும் டீசல் பரவும். எனவே, எரிந்த பேருந்தின் அடியில் எடுத்த மண்ணில் டீசல் இருந்தது என்ற அறிக்கையால் அரசுத் தரப்புக்கு எந்தப் பயனும் இல்லை. பயணிகள் இருக்கைக்கு அடியிலோ, படிக்கட்டின் இடுக்கிலோ பெட்ரோல் கண்டறியப்பட்டால் அதற்கு வேறு பொருள் உண்டு. டீசல் பேருந்தின் இருக்கைப் பகுதியில் பெட்ரோலுக்கு வேலை இல்லை. மேலும், வரிசையாக நிற்கும் பேருந்துகளில் ஒன்றிரண்டுக்குத் தீ வைத்தாலே மற்றவை தாமாகப் பற்றிக்கொள்ளும். நாற்பதில் எது முதலில் எரிந்தது என்று தெரியாமல் மனம்போன போக்கில் மாதிரி எடுத்தால், ஆய்வகம் "எதுவும் கண்டறியப்படவில்லை" என்றே பதில் தரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே தமது வாதமாக்குவார். எங்கே தோண்டுவது, எதை எடுப்பது என்ற முடிவில்தான் வழக்கின் பாதி அடங்கியிருக்கிறது.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?: ஊற்றப்பட்ட எரிதிரவம் முழுவதும் எரிந்து தீர்வதில்லை. தீ மேல்நோக்கி எரிகிறது. திரவமோ கீழ்நோக்கி இறங்குகிறது. தரை விரிசல், கம்பளத்தின் அடிப்பகுதி, மரப்பலகையின் இடுக்கு, மண் ஆகியவற்றில் பிராணவாயு எட்டாத இடத்தில் சிறு அளவு தங்கிவிடுகிறது. பெட்ரோலியப் பொருள்கள் நீரில் கரையாதவை என்பதால், தீயணைப்பு வீரர்கள் பாய்ச்சும் நீர்கூடச் சில வேளைகளில் அவற்றை மூடிக் காக்கிறது.

கருகிய பொருளைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து ஆய்வகத்தில் மிதமாகச் சூடாக்கும்போது, எஞ்சியிருக்கும் திரவம் ஆவியாகிக் கலத்தின் மேற்பகுதியில் திரள்கிறது. அந்த ஆவியைச் செயலூட்டப்பட்ட கரித்துண்டு உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர் கரைப்பான் கொண்டு கரியிலிருந்து பிரித்து, வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துகின்றனர். கலவையில் உள்ள சேர்மங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் அதிலிருந்து வெளியேறுகின்றன. அதனுடன் இணைந்த நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டுகிறது. அந்தப் பதிவு, மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம். பெட்ரோலின் வரைபடம் ஒரு விதம். ஏறத்தாழ 9 முதல் 16 கரியணுக்கள் கொண்ட சேர்மங்களால் ஆன மண்ணெண்ணெயின் வரைபடம் வேறு விதம். அதனினும் கனமான சேர்மங்கள் வரை நீளும் டீசலுடையது மற்றொரு விதம்.

ஒரு சேர்மம் இருப்பதைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிட முடியாது என்பதே இத்துறையின் அடிப்படை விதி. டொலுவீன், சைலீன் போன்றவை பெட்ரோலில் உண்டு. இருக்கைப் பஞ்சு, பிளாஸ்டிக், ரப்பர், பசை ஆகியவை எரியும்போதும் அவை உண்டாகின்றன. ஆகவே, சேர்மங்கள் எந்த விகிதத்தில் அணிவகுக்கின்றன என்ற முழுத் தோற்றத்தைப் பார்த்தே ஆய்வாளர் முடிவு கூற வேண்டும். வெப்பத்தில் லேசான சேர்மங்கள் பறந்து கனமானவை மட்டும் எஞ்சுவதால், எரிந்த பெட்ரோலின் வரைபடம் புதிய பெட்ரோலைப் போலவே இருப்பதும் இல்லை. எரியாத அதே வகை இருக்கைத் துண்டு ஒன்றை ஒப்பீட்டு மாதிரியாக உடன் அனுப்பினால்தான் எது பொருளிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்பதைப் பிரித்தறிய முடியும்.

வாசலுக்கு முன்பே தோல்வி: பெங்களூருவில் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் மடிவாளாவில் இயங்குகிறது. குற்ற நிகழ்விட அலுவலர்கள் என்ற தனிப் பணியிடங்களை உருவாக்கி முன்கை எடுத்த மாநிலம் கர்நாடகம். எனினும் எந்த மாநிலமானாலும், இத்தகைய வழக்குகளின் விதி ஆய்வகக் கருவியைவிட, தடயத்தை அடைத்து அனுப்பும் கலத்தைப் பொருத்தே அமைகிறது.

ரத்தக்கறை படிந்த துணியைக் காற்றாட உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும் என்பது காவலர் பயிற்சியின் முதல் பாடம். எரிந்த தடயத்துக்கு அதே முறையைக் கையாண்டால் சாட்சியம் வழியிலேயே ஆவியாகிவிடும். சாதாரண பாலிதீன் பையும் பயன்படாது. பெட்ரோல் ஆவி அதன் சுவரை ஊடுருவி வெளியேறும், வெளியிலுள்ள ஆவியும் உள்ளே புகும். இறுக மூடிய புதிய தகர டப்பா, கண்ணாடிக் குடுவை அல்லது இதற்கென்றே தயாரிக்கப்பட்ட நைலான் பை தேவை. மண் மாதிரியைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் அதிலுள்ள நுண்ணுயிரிகள் பெட்ரோலியச் சேர்மங்களைத் தின்று வரைபடத்தையே மாற்றிவிடும். ஒரே கையுறையுடன் பல இடங்களில் மாதிரி எடுப்பதும், பெட்ரோல் கேனுடன் ஒரே வாகனத்தில் தடயங்களைக் கொண்டுசெல்வதும் இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டக்கூடும்.

தகர டப்பாவின் விலை சொற்பம். ஆய்வகக் கருவியின் விலையோ மிக அதிகம். ஆனால், டப்பா இல்லாத காவல் நிலையத்திலிருந்து வரும் தடயத்தில் அக்கருவி எதையும் கண்டறியப் போவதில்லை.

அறிக்கை சொல்லாதவை: தடயம் சரியாகச் சேகரிக்கப்பட்டு, பெட்ரோல் இருந்தது உறுதியானாலும் அத்துடன் சர்ச்சை ஓய்ந்துவிடுவதில்லை. கோத்ரா வழக்கு இதற்குச் சான்று. 2002 பிப்ரவரி 27-ஆம் தேதி சபர்மதி விரைவு ரயிலின் எஸ்-6 பெட்டி எரிந்து 59 பேர் உயிரிழந்தனர். குஜராத் தடய அறிவியல் ஆய்வகம், வெளியிலிருந்து வீசப்படும் திரவத்தில் சிறு பகுதியே பெட்டிக்குள் செல்லும் என்பதைச் செயல்முறைச் சோதனை மூலம் கணித்து, ஏறத்தாழ 60 லிட்டர் எரிதிரவம் பெட்டிக்குள்ளிருந்தே ஊற்றப்பட்டிருக்க வேண்டும் என்றது. லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது அமைக்கப்பட்ட நீதிபதி யு.சி. பானர்ஜி குழு, இது விபத்தே என்று 2005 ஜனவரியில் இடைக்கால அறிக்கை அளித்தது. அக்குழு அமைக்கப்பட்டதே சட்டவிரோதம் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. சதி நடந்தது என்று நானாவதி - மேத்தா ஆணையம் 2008-இல் கூறியது. சிறப்பு நீதிமன்றம் 2011-இல் 31 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, 63 பேரை விடுவித்தது. பதினொருவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2017-இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. திரவம் இருந்ததா என்பது வேதியியல் கேள்வி. அது எவ்வளவு, எங்கிருந்து, யாரால் ஊற்றப்பட்டது என்பவை செயல்முறைச் சோதனையும் சாட்சிகளும் விடை தர வேண்டிய கேள்விகள். ஆட்சியில் இருப்பவர்கள் தங்களுக்கு உகந்த விடையை "அறிவியல் கூறிவிட்டது" என்று முன்வைக்கும்போது இந்த வேறுபாடு மறைக்கப்படுகிறது.

மறுபுறம், ஆய்வகச் சோதனையின் துணையின்றித் தீயின் தடத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு கூறுவது உயிருக்கே உலை வைக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1991 டிசம்பரில் வீடு தீப்பற்றி மூன்று பெண் குழந்தைகள் இறந்தனர். தரையில் கண்ட கருகல் கோலங்கள் எரிதிரவம் ஊற்றப்பட்டதைக் காட்டுவதாகப் புலனாய்வாளர்கள் கூறியதன் பேரில், தந்தை காமெரன் டாட் வில்லிங்ஹாம் குற்றவாளியாக்கப்பட்டு 2004 பிப்ரவரியில் மரண தண்டனைக்கு உள்ளானார். ஆய்வகத்தில் எரிதிரவம் உறுதியானதோ, கரியடுப்பு வைத்திருந்த முன்வாசல் பகுதியில் எடுத்த மாதிரியில் மட்டுமே. ஓர் அறை முழுவதும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும் நிலையில் எந்தத் திரவமும் இன்றியே அத்தகைய கோலங்கள் தோன்றும் என்பதைப் பின்னர் தீயியல் வல்லுநர்கள் விளக்கினர். விளக்கம் கிடைத்தது, உயிர் திரும்பவில்லை.

வீட்டுக்குள் எரியும் தீ: கலவரத் தீக்குத் தலைப்புச் செய்தி உண்டு. நாட்டில் தடய ஆய்வகங்களின் மேசைக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் எரிந்த தடயங்களில் இன்னொரு வகை உண்டு. அவை பெண்களின் புடவைத் துண்டுகள். பெங்களூரு விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட இளம் மனைவியரின் மரணங்களை விமோசனா என்ற பெண்கள் அமைப்பு 1990-களில் தொடர்ந்து ஆவணப்படுத்தியது. "சமைக்கும்போது ஸ்டவ் வெடித்தது" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிக்கப்பட்ட பல மரணங்களின் பின்னணியை அந்த ஆவணங்கள் கேள்விக்குள்ளாக்கின.

வரதட்சிணை மரணத்துக்கான தனிப்பிரிவு 1986-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 80-ஆவது பிரிவு. இவ்வழக்குகளில் மண்ணெண்ணெய் இருந்தது என்ற அறிக்கை மட்டும் போதாது. ஸ்டவ் உள்ள வீட்டில் மண்ணெண்ணெய் இருப்பது இயல்பு. தலைமுடியிலும் ஆடையின் மேற்பகுதியிலும் அது இருந்ததா, ஸ்டவ் உண்மையில் வெடித்ததா, அதன் தொட்டியில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்பவையே உண்மையைக் காட்டும். மருத்துவமனையில் வெட்டியகற்றப்படும் ஆடை குப்பைக்குப் போனால் அத்துடன் வழக்கும் போய்விடுகிறது. சமையல் எரிவாயு பரவியதால் மண்ணெண்ணெய் ஸ்டவ்கள் குறைந்துவிட்டன. ஆனால், ஆடையைப் பாதுகாக்க வேண்டிய கடமை குறையவில்லை.

சாட்சிகள் மாறும் நாட்டில்: தீவைப்பு வழக்குகளில் நேரடி சாட்சிகளை மட்டும் நம்பியிருப்பதன் விளைவைத் தமிழகம் நன்கு அறியும். 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி தருமபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் உயிரிழந்தனர். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 2007 மே 9-ஆம் தேதி மதுரையில் தினகரன் நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு, பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டதில் ஊழியர்கள் மூவர் உயிரிழந்தனர். அவ்வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ் சாட்சிகளாயினர். 2009 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் விடுவிக்கப்பட்டனர். 2019 மார்ச்சில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அத்தீர்ப்பைத் திருத்தி, 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மனிதர்கள் அச்சத்திலோ ஆசையிலோ மாறலாம். முத்திரையிட்ட டப்பாவில் உள்ள சாம்பல் மாறாது. அரசியல் பின்னணி கொண்ட வழக்குகளில் தடய அறிவியலின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

அதே காரணத்தால் அந்த அறிக்கை குறுக்கு விசாரணைக்கும் உட்பட வேண்டும். அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவரை நேரில் அழைக்காமலேயே சாட்சியமாக ஏற்க பழைய சட்டத்தின் 293-ஆவது பிரிவு இடமளித்தது. புதிய சட்டத்தின் 329-ஆவது பிரிவும் அதையே தொடர்கிறது. நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம். ஒப்பீட்டு மாதிரி இருந்ததா, எந்தக் கலத்தில் தடயம் வந்தது, தீ நடந்து எத்தனை நாள் கழித்து ஆய்வு நடந்தது என்ற கேள்விகள் கேட்கப்படாமல் ஓரிரு வரி முடிவு மட்டும் ஏற்கப்பட்டால், அது அரசுத் தரப்புக்கும் நல்லதல்ல, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நல்லதல்ல.

தில்லியின் நிதி, மாநிலங்களின் சுமை: இந்தியாவில் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் நிறுவப்பட்டது. நூற்றாண்டைக் கடந்த அந்த மரபுக்குப் பின்னரும் நிபுணர் பற்றாக்குறை பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தேசியத் தடய அறிவியல் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ரூ. 2,254.43 கோடி அனுமதித்தது. 2024-25 முதல் 2028-29 வரையிலான இத்திட்டத்தில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழக வளாகங்களும் மத்திய ஆய்வகங்களும் அடங்கும். அதற்கு முன் நிர்பயா நிதியிலிருந்து மாநில ஆய்வகங்களுக்குக் கிடைத்த உதவி டி.என்.ஏ., இணையவழித் தடயப் பிரிவுகளை வலுப்படுத்தவே சென்றது. அவை தேவையானவையே. எனினும் எரிந்த தடயங்களை ஆராயும் வேதியியல் பிரிவு இந்த வரிசையில் பின்தங்கியே நிற்கிறது.

அரசியல் சட்டத்தின்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. நிபுணர் நேரில் செல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். நிபுணரை நியமித்து ஊதியமும் வாகனமும் தர வேண்டியது மாநில அரசு. இதை உணர்ந்தே 176-ஆவது பிரிவின் கட்டாயத்தை அறிவிக்கை செய்ய மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. வசதி இல்லாத மாநிலம் பிற மாநிலத்தின் ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் சட்டம் வழி செய்கிறது. ஆனால், ஆவியாகும் தடயத்துக்கு மாநில எல்லை கடந்த பயணம் கூடுதல் ஆபத்து. காவிரி போன்ற பிரச்னையில் ஒரு மாநிலத்தில் எரிந்த வாகனத்தின் தடயம், எதிர்த்தரப்பில் நிற்கும் அண்டை மாநில ஆய்வகத்துக்குச் செல்லும் நிலை வந்தால் அதன் முடிவை யார் நம்புவார்கள் என்ற கேள்வியும் உண்டு.

ஆய்வகங்கள் காவல்துறைத் தலைமையின் நிழலிலிருந்து விலகித் தனித்து இயங்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இங்கேதான் வலுச் சேர்கிறது. "பெட்ரோல் இருந்தது" என்று கூறும் துணிவு ஆய்வாளருக்கு எவ்வளவு தேவையோ, "இல்லை" என்று கூறும் துணிவும் அவ்வளவு தேவை. தீ விபத்து என்றாலே "மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது" என்று எழுதி முடிக்கும் வழக்கமும், கலவரம் என்றாலே சதி என்று தொடங்கும் வழக்கமும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள்: இரண்டிலுமே சாம்பலைப் பரிசோதிக்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

மாநிலங்களுக்கான அவகாசம் 2029-இல் முடிவடையும். அதுவரை நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்துறையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை மாவட்டங்களில் தீ நடந்த அன்றே நிபுணர் சென்றடைய முடிகிறது? எத்தனை காவல் நிலையங்களில் காற்றுப் புகாத கலங்கள் உள்ளன? தீவைப்பு வழக்கின் ஆய்வறிக்கை வர எத்தனை மாதங்கள் ஆகின்றன? இந்த மூன்றுக்கும் மாவட்டவாரியாக விடை கிடைத்தால்தான், 90 சதவீதம் என்ற இலக்கு தீவைப்பு வழக்குகளுக்கும் பொருந்துமா என்பது தெரியவரும்.